மேல்கணக்கு

பத்தாந் தேதிச் சம்பளம் விழுந்த மறு ஞாயிறு
மஸ்கெலியா ஸ்டாண்டுக்கு இறங்கி வருவார் லோகேந்திரன்.
கக்கத்தில் ரசீதுப் புத்தகம்.
மழைக்கு அதை மட்டும் சொப்பிங் பேக்கில் சுற்றியிருப்பார்,
தலை நனைந்திருக்கும்.

மேல்கணக்கு நோயாளர் வேன் நிதி.
கார்ப்பெட் ரோடு முடிந்து
கல்லும் கானும் தொடங்குகிற இடத்துக்கும் மேலே
நூற்றுப் பன்னிரண்டு குடும்பம்
பழைய டொல்பின் வேன் ஒன்றுக்குச் சேர்க்கிற காசு.

ஸ்டாண்டில் ஆளுக்கொன்றுக்குக் கொடுக்கிறோம்.
ஜெயசீலன் தேர்த் திருவிழாவுக்கு.
நிமல் மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு;
அவன் தங்கச்சி அங்கேதான்
தலைமுடியை விட்டுவிட்டு வந்தாள்.
அவனை யாரும் ஏன் என்று கேட்பதில்லை.
என்னைக் கேட்கிறார்கள்:
மேல்கணக்கில் உனக்கு யார்? பெண் எடுத்த இடமா?

நான் சாமிமலைக்காரன்.
அங்கே எனக்குக் கலியாண வீடும் இல்லை, செத்த வீடும் இல்லை.
ஒரு டெலிபோன் கோல் இருக்கிறது.

மூன்று வருடத்துக்கு முந்திய மாசி.
சீசன். சிவனொளிபாதமலை உச்சி வரைக்கும் லைட்.
நல்லதண்ணிக்கு ஆறு ஹயர் அடித்துவிட்டு
ஒன்றரைக்குப் படுத்தேன்.
இரண்டேகாலுக்கு அடித்தது.
ஆண் குரல், மூச்சிரைப்பு, பின்னால் ஒரு நாய்.
"அண்ணே, வீட்ல வலி கண்டிருச்சு, தண்ணி ஒடஞ்சிருச்சு,
டிக்கோயாவுக்குப் போகணும்ணே,
எவ்வளவுன்னாலும் தர்றேன்."

மேல்கணக்கு என்றதும்
எனக்கு என் ஷொக் அப்சோபர் ஞாபகம் வந்தது.
வேறு எதைச் சொன்னாலும் பொய்.
ஒரு மனுஷி ஞாபகம் வரவில்லை,
போன மாதம் மாற்றிய ஷொக் அப்சோபர்,
லீசிங்காரனுக்குக் கட்டாத இரண்டு தவணை.
"டயர் வெடிச்சுக் கெடக்கு தம்பி" என்றேன்.
"சரிண்ணே" என்றான்.
நன்றி வேறு சொன்னான்.

காலையில் அந்த டயரில்தான் பால் வாங்கப் போனேன்.

கொழுந்து லொறியில், சாக்குகளுக்கு மேலே,
நோர்வூட் தாண்டும்போது, தவமலர்.
பிள்ளை பிழைத்தது.
சலூன் கண்ணாடியில் ஒட்டியிருந்த நிதி நோட்டீசில்
இதைப் படித்தேன்,
ஒரு கன்னத்தில் சவர்க்காரத்தோடு.

அவருக்கு என் குரல் தெரியவில்லை.
போன வருடம் ரசீது எழுதிக்கொண்டே அவராகச் சொன்னார்:
"அன்னைக்கு நாலு பேருக்கு அடிச்சேங்க.
ரெண்டு போன் ஓஃப். ஒருத்தர் எடுக்கல.
ஒருத்தருக்கு டயர் போயிருச்சு, பாவம்."

பாவம்.

அந்தச் சொல்லோடு வெறும் ஆட்டோவை
மவுஸ்ஸாக்கலை வரைக்கும் ஓட்டிப் போனேன்.
நீர் வற்றி,
முழுகிப்போன பழைய கோயில் வெளியே நின்றது,
சேறு பூசிக்கொண்டு.

ஐந்நூறு. சீசனில் ஆயிரம்.
கொடுக்கிறேன் என்பது சரியில்லை, கட்டுகிறேன்.
லீசிங்காரன் தவணையை எண்ணிச் சொல்லிவிடுவான்,
இதை எண்ண ஆளில்லை.

ஒரு ஞாயிறு சொல்லிவிடலாம்தான்.
எனக்கு லேசாகும்.
அவருக்கு அந்த ராத்திரியில்
பாவம் என்று நினைக்க ஒரே ஒரு ஆள் மிச்சம்,
அவனையும் நான் பிடுங்குவதா
என்று நினைப்பேன்.
பிறகு, இதுவும் அந்த டயர் மாதிரி ஒரு சாக்கோ
என்றும் நினைப்பேன்.

போன வாரம் பிள்ளையையும் கூட்டி வந்திருந்தார்.
நீலச் சப்பாத்து, மூக்கில் சளி.
அவர் கார்பன் தாளைச் சரிசெய்வதற்குள்
டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து
ஹோர்னை அமுக்கியது.
"இறங்குடி, மாமாவுக்குத் தொந்தரவு."

இருக்கட்டும், என்றேன்.

அமுக்கியது.
மறுபடியும் அமுக்கியது.
ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது.